டேங்குக்குப் போகும் மக்காச்சோளம்

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை மக்காச்சோளத்திலிருந்து எடுப்பது சாராயம் காய்ச்சும் வேலைதான். மணியை அரைத்து நீரில் கரைத்து, சுமார் 85 டிகிரி செல்சியஸில் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் கெட்டிக் கூழ் இளகும். 32 டிகிரிக்கு ஆறிய கூழில் குளுக்கோஅமைலேஸ் என்ற இன்னொரு நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் இரண்டு மூன்று நாளில் அதைப் புளிக்கவைத்துவிடும். காய்ச்சி வடித்தால் 95 சதவீதத்துக்கு மேல் தூய்மை ஏறாது; மிச்ச நீரை மூலக்கூறுச் சல்லடை எனும் நுண்துளைப் பொருள் உறிஞ்சும்.

25.4 கிலோ, அதாவது ஒரு புஷல் மணிக்கு ஏறத்தாழ 10.6 லிட்டர் கிடைக்கும். காரின் 50 லிட்டர் டேங்க் நிரம்ப 120 கிலோ வேண்டும்: கலோரிக் கணக்கில் ஒருவருக்கு ஆறு மாதச் சாப்பாடு. இதில் முப்பது சதவீத எடை சக்கையாகத் திரும்பித் தீவனமாவதையும் கழித்துக்கொள்ள வேண்டும். எத்தனால் எதிர்ப்பாளர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

ஆனால் ஏழையின் தட்டை எட்டுவது விலை. 2007 தொடக்கத்தில் மெக்சிகோவில் டார்ட்டிலா என்ற சோள ரொட்டியின் விலை எகிறி, தலைநகரில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அமெரிக்க எத்தனால் ஆலைகள் வாங்கியது மஞ்சள் சோளம். டார்ட்டிலா சுடுவது உள்ளூர் வெள்ளைச் சோளத்தில். மஞ்சள் விலை ஏறியதும் மெக்சிகோவின் கோழி, பன்றிப் பண்ணைகள் வெள்ளைக்குத் தாவின. வியாபாரிகள் பதுக்கியதாகவும் புகார் எழுந்தது. கடைசியில் மெக்சிகோ அரசு டார்ட்டிலா கிலோவுக்கு 8.50 பெசோ என்று தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம் போட்டது.

கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியின் விலையில் சோளத்தின் பங்கு சொற்பம். டார்ட்டிலாவோ கிட்டத்தட்ட முழுக்கச் சோளம். வருமானத்தில் பாதியைச் சாப்பாட்டுக்கே கொடுக்கும் குடும்பம் முதலில் பருப்பையும் முட்டையையும் நிறுத்தும். சிறு விவசாயிகளிலும் பலர் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் தானியத்தை விலைக்கு வாங்குபவர்களே. விலையேற்றம் அவர்களுக்கும் லாபமில்லை.

சிக்கலை முற்றவைப்பது கட்டாயக் கலப்பு, அதாவது பெட்ரோலில் இவ்வளவு எத்தனால் சேர்க்க வேண்டும் என்ற சட்டம். விளைச்சல் குறைந்தாலும் சட்டம் கேட்கும் அளவு குறையாது. தீவனமும் ஏற்றுமதியும்தான் வளைந்து கொடுக்க வேண்டும். 2012 வறட்சியில் புஷல் 8 டாலரைத் தாண்டியபோதும், கட்டாயத்தைத் தளர்த்தக் கேட்ட மாநிலங்களின் மனுக்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நிராகரித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கரும்பு எத்தனாலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிரேசில் கலப்பு அளவை 25 சதவீதத்திலிருந்து 20-க்கு இறக்கியிருந்தது.