சைக்கிளில் சிறு விபத்து: சாலையோரத்திலேயே பேசி முடிக்கும் முன்

உதகை, குன்னூர், கோத்தகிரி சாலைகளில் சைக்கிளில் செல்பவரைக் கார் உரசிக் கீழே தள்ளும் விபத்துகளில் பல, காவல் நிலையத்தை எட்டாமலேயே சாலையோரத்தில் முடிந்துவிடுகின்றன. ஓட்டுநர் இறங்கி வந்து சில நோட்டுகளைக் கையில் திணிக்கிறார். கூடியிருப்பவர்களும் "சின்ன அடிதானே தம்பி, கேஸ் கோர்ட் என்று எதற்கு அலைகிறீர்கள்" என்று நல்லெண்ணத்துடனேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் நான் பார்ப்பது அதன் பிறகு நடப்பதை. சில வாரங்கள் கழித்து மருத்துவமனை ரசீதுகளுடன் வருபவரிடம் வலி இருக்கிறது, செலவும் இருக்கிறது; ஆனால் அந்தக் கார்தான் இடித்தது என்பதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை.

இழப்பீடு கேட்பது அந்த ஓட்டுநரின் வயிற்றில் அடிப்பதாகும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின்படி, சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சைக்கிளில் செல்பவர் அந்தக் காப்பீட்டின் கண்ணில் மூன்றாம் நபர் என்பதால், காப்பீடு நடப்பில் இருக்கும் வரை பணத்தைக் கொடுப்பது பெரும்பாலும் நிறுவனமே. மேலும், சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமமோ காப்பீடோ தேவையில்லை. ஆகவே "உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறதா" என்று யாரேனும் மிரட்டினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் முதல் நாள் மருத்துவமனையில்தான் எழுதப்படுகிறது. அரசு மருத்துவமனையில் விபத்துக் காயத்துடன் செல்பவரின் விவரத்தைப் பணியிலிருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்; ஏ.ஆர். காப்பி என்று நாங்கள் குறிப்பிடுவது அதன் நகலைத்தான். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த வாகனத்தால் காயம் ஏற்பட்டதாக நோயாளி சொன்னார் என்பது அதில் இருக்கும். போலீஸ் தொல்லை வேண்டாம் என்று எண்ணி "நானே தவறி விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரியைப் பிற்பாடு எத்தனை சாட்சிகளைக் கொண்டுவந்தாலும் அழிப்பது கடினம். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். ஆகவே கார் இடித்தது என்பதையும், தெரிந்திருந்தால் அதன் பதிவு எண்ணையும் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எழுதியாயிற்றா என்று கேட்பதிலும் தவறில்லை.

கட்டபெட்டு அருகே வளைவில் முந்திச் சென்ற வெளியூர்க் காரின் பக்கக் கண்ணாடி சைக்கிளின் ஹேண்டில் பாரில் தட்டியதில், தச்சு வேலை செய்யும் ஒருவர் இடது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். அன்று மாலை எடுத்த எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை. வீக்கம் வடிந்த பிறகும் கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி நீடித்ததால் இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் எக்ஸ்-ரே எடுத்தபோது, மணிக்கட்டின் சிறு எலும்பு ஒன்றில் விரிசல் இருப்பது தெரிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்த எலும்பின் விரிசல் முதல் படத்தில் பிடிபடாமல் போவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று. ஓட்டுநர் கொடுத்த இரண்டாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டிருந்தாலும், அவர் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை. கார் எண்ணும் முதல் நாள் பதிவேட்டிலேயே இருந்தது. மக்கள் நீதிமன்றத்தில் அவருடைய மனு சமரசமாக முடிந்ததற்கு இவ்விரண்டுமே போதுமான அடித்தளமாயின.

சாலையோரத்தில் யாருக்கும் தெரியாத செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. எலும்பு முறிவோ மூட்டு நழுவலோ ஏற்பட்டால், பார்வைக்குச் சிறிய அடியானாலும் அது சட்டத்தில் கொடுங்காயம். விரிசலும் முறிவில் அடங்கும் என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, கொடுங்காயத்துக்கு ஓட்டுநரின் தவறை நிரூபிக்காமலேயே 2,50,000 ரூபாய் கோரலாம். அதை ஏற்றுப் பெற்றுக்கொண்டால் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்டி இழப்பீடு கேட்கும் 166-ஆம் பிரிவின் கீழான மனு முடிவுக்கு வந்துவிடும் என்பதால், எது நமக்குப் பொருந்தும் என்பதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும். சிராய்ப்பு, சதைக்காயம் போன்றவற்றுக்கு 164 பொருந்தாது. அங்கே 166 மட்டுமே வழி, ஓட்டுநரின் கவனக்குறைவையும் நாம்தான் காட்ட வேண்டும்.

மலையில் அந்தக் கட்டத்தில் எதிர்த்தரப்பு தவறாமல் எடுக்கும் வாதம், சைக்கிள்காரர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்து மோதினார் என்பது. இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டாலும், அந்த விகிதத்துக்கு இழப்பீடு குறையும். ஆகையால் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் படம் எடுத்துவிடுங்கள்: கோட்டம் விழுந்த சக்கரம், தேயாமல் இருக்கும் பிரேக் கட்டைகள், பின்புறப் பிரதிபலிப்பான், ஹேண்டில் பார் நுனியில் ஒட்டியிருக்கும் காரின் பெயிண்ட். எந்தப் பக்கம் தட்டியது, யார் யாரை முந்தினார்கள் என்பதை அந்தப் பெயிண்ட் கீறல் பல சாட்சிகளைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். மூடுபனி நேரமானால் விளக்கு இருந்ததையும் படத்தில் காட்டுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவுடன் முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புகார் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஒரு சிறுவனின் வழக்கில் கூறியிருக்கிறது. அதற்காக வேண்டுமென்றே தாமதிக்கச் சொல்லவில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது இப்போதைய சட்டம்.

சுற்றுலா வாகனம் கேரளத்தையோ கர்நாடகத்தையோ சேர்ந்ததாக இருந்தால் வழக்குக்கு அங்கே போக வேண்டுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். தேவையில்லை. விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். பதிவு எண் கையில் இருந்தால், காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதைப் அரசின் வாகன விவர இணையதளமான பரிவாகனில் பார்த்துக்கொள்ளலாம்.

தொகையைப் பொறுத்தவரை, மருத்துவச் செலவு, போக்குவரத்து, சைக்கிள் பழுது, வலி வேதனை ஆகியவற்றுடன் இழந்த வருமானமும் சேரும். சிறு தேயிலை விவசாயியானால் தொழிற்சாலைக்கு இலை போட்ட ரசீதுகள், தோட்டத் தொழிலாளியானால் சம்பளச் சீட்டு, தினக்கூலியானால் வேலை கொடுப்பவரின் கடிதம் என ஏதாவது ஒன்று வேண்டும். வாய்மொழியாகச் சொல்லும் வருமானத்தைத் தீர்ப்பாயம் குறைத்தே மதிப்பிடும்.

உண்மையிலேயே முழங்கை சிராய்த்து, சைக்கிள் மட்டும் பழுதான விபத்தில் வழக்கைவிடச் சமரசமே நல்லது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதை அன்றே செய்யாமல், ஓட்டுநரின் தொலைபேசி எண்ணையும் வாகன எண்ணையும் வாங்கிக்கொண்டு, வலி அடங்குகிறதா என்று சில நாட்கள் பார்த்த பிறகு, எழுத்தில் செய்யுங்கள். பணம் சைக்கிள் பழுதுக்கும் இதுவரையிலான மருத்துவச் செலவுக்கும் மட்டும் என்று தாளில் குறிப்பிடுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால், எக்ஸ்-ரே முடிவு வரும் வரை கையெழுத்திட வேண்டாம். வழக்குக்குப் போக நேர்ந்து கட்டணம் தடையாக இருந்தால், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.