இறக்கத்தில் முதலில் களைப்பது கைதான்

திங்கட்கிழமை காலையில் என் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களில், ஒரு கையை மறு கையால் ஏந்திப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் இளைஞர் ஒருவரைப் பார்ப்பது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. எப்படி அடிபட்டது என்று கேட்டால், "ஏற்காட்டுல இருந்து கியர் சைக்கிள்ல இறங்கும்போது சறுக்கிருச்சு சார்" என்பார். ஏறும்போது விழுந்ததாகச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேலத்தில் எலும்பு மூட்டு மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையிலும், ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மலையில் சைக்கிள் மிதிப்பவன் என்ற முறையிலும், அந்த இறக்கம் நம் கைகளை என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு அதைவிட ஏறத்தாழ 1,100 மீட்டர் மேலே இருக்கிறது. கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தை அடைந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏறுவதற்கு நம் பிள்ளைகள் வாரக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். தொடைக்கும் மூச்சுக்கும் தண்ணீருக்கும் திட்டம் போடுகிறார்கள். ஏறி முடித்துப் படகு இல்லத்துக்கு அருகில் ஒரு தேநீர் குடித்ததும் அன்றைய வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் அங்கிருந்துதான் உடலின் வேறொரு பகுதிக்கு வேலை தொடங்குகிறது. அந்தப் பகுதியைப் பற்றி அதுவரை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

தார்ச்சாலையை விட்டு விலகி, நாகலூர், செம்மநத்தம் பக்கங்களில் காபித் தோட்டங்களுக்கு இடையே செல்லும் மண் பாதைகளைத்தான் மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் விரும்புகிறார்கள். அந்த விருப்பம் எனக்கும் உண்டு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, அவற்றின் நிழலில் காபிச் செடிகளுக்கு நடுவே போகும் அந்தப் பாதையின் குளிர்ச்சியைச் சமவெளியில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அந்த மரத்தின் இலை உதிரும் பருவத்தில் பாதை முழுவதும் வெள்ளி நிற மெத்தையாகிவிடும். மேலே காய்ந்திருக்கும் இலையை விலக்கினால் அடியில் ஈரமான செம்மண் இருக்கும். அதற்கும் அடியில் குறுக்கே ஓடும் வேர் இருக்கும். கோடை மழை ஒரு மாலை பெய்துவிட்டால், மறுநாள் காலையில் அந்த மெத்தை சோப்பு நுரையைப் போல வழுக்கும். அறுவடை நடக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வளைவுக்கு அப்பால் காபி மூட்டை ஏற்றிய டிராக்டர் நிற்கலாம், கூடையோடு தொழிலாளர்கள் வரலாம், காட்டெருமையும் நிற்கலாம். தோட்டப் பாதைகள் தனியாருக்கு உரியவை, காப்புக்காட்டுப் பாதைகள் வனத்துறையின் பொறுப்பில் உள்ளவை என்பதால், அனுமதி கேட்காமல் இரண்டிலும் நுழையக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது கைக்கு வருவோம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1,100 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றின் எதிர்ப்பு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மெதுவாக இறங்குபவருக்குப் பெரும்பகுதி வெப்பமாக பிரேக்கில்தான் சேர்கிறது. அந்த பிரேக்கை அழுத்திக்கொண்டிருப்பது நம் விரல்கள். ஒரு தசை தளராமல் இறுகியே இருந்தால், அதற்குள் செல்லும் இரத்த ஓட்டம் குறையும்; பத்து நிமிடம் விடாமல் பிடித்துக்கொண்டு இறங்குபவரின் முன்கை கல்லைப் போல இறுகி, பிடி தானாகவே தளரத் தொடங்கும். ஏற்றத்தில் நனைந்த சட்டையோடும், அடிவாரத்தைவிடப் பல டிகிரி குறைவான குளிர்காற்றோடும் இறங்கும்போது விரல் மரத்துப்போவது அந்தத் தளர்ச்சியை இன்னும் விரைவுபடுத்துகிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் மரத்துப் போனால், உள்ளங்கையின் ஓரத்தில் செல்லும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது என்று பொருள். அப்போது கையை உதறிவிட்டுத் தொடர்வதைவிட, இறங்கி நின்று விரல்களை விரித்து மூடி, பிடியின் இடத்தை மாற்றிக்கொண்டு புறப்படுவதே சரி.

பிடியை விடாமல் இழுத்துக்கொண்டே இறங்குவதைவிட, வளைவுக்கு முன்பே உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விரலைத் தளர்த்திவிடுவதுதான் பிரேக்குக்கும் கைக்கும் நல்லது. முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவோம் என்று நம் ஊரில் சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்த்துவிட்டார்கள். அதனால் பின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவர்கள் ஏராளம். இறக்கத்தில் எடை முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. பின்சக்கரத்தை மட்டும் பூட்டினால் அது ஜல்லியில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக, உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, பெடல்களைச் சமமாக நிறுத்தி, முழங்கையை மடித்து அழுத்த வேண்டும். வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்த சைக்கிளாக இருந்தால், எந்தக் கையில் முன் பிரேக் இருக்கிறது என்பதைச் சமதரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் சைக்கிளை வாங்கும்போது இருக்கை உயரத்தைச் சரிசெய்து கொடுப்பவர்கள், பிரேக் பிடியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பிடியைச் சுழற்றி வைக்க ஒரு திருகாணியே போதும். முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி வைத்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சிரமமின்றி எட்டும் தூரத்தில் அமைத்துக்கொண்டால், ஒரு மணி நேர இறக்கத்தின் வலியில் பாதி இல்லாமலே போய்விடும். டயரைப் பெட்ரோல் பங்கில் கல்லாக இறுக்கிக்கொண்டு மண் பாதையில் இறங்கினால், ஒவ்வொரு கல்லின் அதிர்வும் நேரே மணிக்கட்டுக்குத்தான் வரும்.

இத்தனைக்குப் பிறகும் விழலாம். விழும்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கையை விரித்துத் தரையில் ஊன்றுகிறோம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. அவற்றில் கட்டை விரலின் பக்கம் படகு வடிவில் இருக்கும் ஸ்கேபாய்ட் என்ற எலும்புதான் இப்படி விழும்போது அதிகமாக உடைகிறது. அதற்கு ஒரு பலவீனம் உண்டு. இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்தே நுழைந்து பின்னோக்கிச் செல்வதால், நடுவில் முறிந்தால் முன்கை பக்கத் துண்டுக்கு இரத்தம் போய்ச் சேராமல் அது உயிரற்றுப் போகக்கூடும். அதைவிடக் கவலை தருவது, உடைந்த அன்று எடுக்கும் எக்ஸ்-ரேயில் இந்த விரிசல் தெரியாமலே போகலாம் என்பது.

கட்டை விரலை நன்றாகப் பின்னுக்கு விரித்துப் பாருங்கள். மணிக்கட்டில் கட்டை விரலின் பக்கம், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு குழி தெரியும். மூக்குப்பொடி போடும் பெரியவர்கள் பொடியைக் கொட்டி உறிஞ்சுவது அந்தக் குழியிலிருந்துதான். விழுந்த கையில் அந்தக் குழியை மறு கையின் விரல் நுனியால் அழுத்தும்போது சுளீரென்று வலித்தால், எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் அந்தக் கையை உடைந்த கையாகவே நடத்த வேண்டும். கட்டை விரலையும் சேர்த்து அசையாமல் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். உடனே உறுதி செய்ய வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்.

கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், விழுந்து நான்கு மாதம் கழித்து என்னிடம் வந்தார். முதலில் பார்த்த இடத்தில் எக்ஸ்-ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்று சொல்லி நெகிழ்துணிக் கட்டுச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். திரும்ப வரும்படி யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு மூன்று முறை எண்ணெய்க் கட்டுப் போட்டிருக்கிறார். வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் வலக்கையில் இடுக்கியைப் பிடித்து, மயிரிழை போன்ற வெள்ளிக் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பும் நேரத்தில் மட்டும் மணிக்கட்டு கைவிட்டுவிடுகிறது என்றார். என் முன்னால் ஒரு பேனாவை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பாதியில் அது கையிலிருந்து நழுவியது. எலும்பு சேரவே இல்லை. இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டை வைத்து, தலையில்லாத சிறு திருகாணி ஒன்றைச் செலுத்தி அறுவை சிகிச்சை செய்தோம். முதல் வாரத்திலேயே சரியான மாவுக்கட்டு கிடைத்திருந்தால் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் முடிந்திருக்க வேண்டியது, அவருக்கு ஓராண்டுக் கூலியை விழுங்கிவிட்டது. அந்த எக்ஸ்-ரேயைப் பார்த்தவர் மீது எனக்குக் கோபமில்லை. அந்த எலும்பு யாரையும் ஏமாற்றக்கூடியது. இரண்டு வாரத்தில் திரும்ப வாருங்கள் என்ற ஒரு வாக்கியத்தை அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் மனத்தாங்கல்.

கையைத் தாண்டி இரண்டு செய்திகள். ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தியிருந்தால், மேலே சிறு சிராய்ப்பு மட்டும் தெரிந்தாலும் உள்ளே கல்லீரல், மண்ணீரல், கணையம் அடிபட்டிருக்கலாம். வலி சில மணி நேரம் கழித்தும் வரும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முனையின் ரப்பர் மூடி கழன்ற சைக்கிளைக் குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது. ஒருமுறை அடிவாங்கிய ஹெல்மெட், பார்ப்பதற்கு முழுசாக இருந்தாலும், மறுமுறை தலையைக் காக்காது.

தோட்டப் பாதையில் பல இடங்களில் கைப்பேசிக்கு சிக்னல் இருக்காது. எனவே தனியாகப் போகாமல், எந்தப் பாதையில் இறங்குகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கழுத்து வலித்தாலோ, ஒரு நொடி நினைவு தப்பியிருந்தாலோ, அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காமல், ஒருவர் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் 108-ஐ அழைக்க வேண்டும். கை மட்டும் என்றால், மடித்த செய்தித்தாளையோ தென்னை மட்டைத் துண்டையோ முன்கைக்கு அடியில் வைத்துத் துண்டால் கட்டி, கழுத்தோடு தொங்கவிட்டு இறக்குங்கள். அந்தக் கையில் மோதிரமோ காப்போ இருந்தால் வீங்கத் தொடங்குவதற்கு முன்பே, விழுந்த இடத்திலேயே கழற்றிவிடுங்கள். அடிவாரம் வந்து சேர்வதற்குள் விரல் வீங்கிவிட்டால், மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.