குட்டிப் பாம்பு இரை எடுக்காவிட்டால் அதன் வாயைத் திறக்காதீர்கள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிய ஒரு வாரத்தில், மார்த்தாண்டம் பக்கமிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டு மாதமே ஆன பால் பைத்தான் (ball python என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) குட்டியை என்னிடம் கொண்டுவந்தார். "நாலு வாரமா ஒண்ணும் எடுக்கல்ல டாக்டர்" என்றார். வாங்கும்போது 66 கிராம் இருந்த குட்டி, தராசில் 61 கிராம் காட்டியது. வாயை மெல்ல விலக்கிப் பார்த்தேன். கீழ்த்தாடையின் உள்விளிம்பில் சிவந்த கீறல் இருந்தது. இடுக்கியால் வாயைத் திறந்து எலிக்குஞ்சைத் திணித்திருக்கிறார்கள். போதாதென்று, வீட்டிலிருந்த பாட்டி இங்க் ஃபில்லரில் பாலும் புகட்டியிருக்கிறார்.

அந்தப் பாட்டியின் மனத்தில் இருந்தது அன்புதான். ஆனால் பால் பாம்பின் உணவே அல்ல. அதைச் செரிக்கும் அமைப்பு பாம்புக்கு இல்லை. வலிந்து புகட்டினால் மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியாவும் வரலாம்.

பட்டினியைவிட, அதைக் கண்டு பதறி நாம் செய்யும் காரியங்களே குட்டிகளை அதிகம் வருத்துகின்றன என்பதை என் மேசையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒடுங்கிக் கிடக்கும் இனம். உடலை நாற்புறமும் ஏதாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பயம் தெளியும். பயம் தெளியாத பாம்பு இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த மாணவரோ குட்டியை டிவி ஓடும் முன்னறையில், ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டுத்துண்டுகூட இல்லாத பெரிய கண்ணாடித் தொட்டியில் விட்டு, பழகட்டும் என்று நாள்தோறும் கையில் எடுத்திருக்கிறார்.

அடுத்தது சூடு. இரு பருவமழையும் பெறும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஈரப்பதத்துக்குப் பெரும்பாலும் குறைவிருக்காது. மழை நாட்களில் குறைவது சூடுதான். தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி என இருந்தால், குட்டி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். வெப்ப விரிப்பை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைத்தால் வயிற்றுத்தோல் வெந்துபோகும். உடல் குளிர்ந்த பாம்புக்கு இரை செரிக்காது என்பதால், அந்நிலையில் அது மறுப்பதே அதற்கு நல்லது.

கண் நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள்; உரித்து முடியும்வரை இரை காட்ட வேண்டாம்.

மாணவரிடம், குட்டியைச் சிறிய பெட்டிக்கு மாற்றி, சூடான பக்கத்திலும் குளிர்ந்த பக்கத்திலும் ஒவ்வொரு மறைவிடம் வைத்து, ஒரு வாரம் தண்ணீர் மாற்றுவதற்குத் தவிர அதைத் தொடாமல் இருக்கச் சொன்னேன். அதன்பின் உறைந்த எலிக்குஞ்சைப் பனி முழுதும் விடவைத்து, வெந்நீரில் காட்டி, ஈரம் துடைத்து, இருட்டியபின் நீண்ட இடுக்கியால் மறைவிட வாசலில் மெல்ல அசைத்துக் காட்ட வேண்டும். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் சூட்டை உணர்பவை. குளிர்ந்த இரை அதன் கண்ணுக்கு இரையாகவே படாது. பாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள குஞ்சு போதும். மறுத்தால் அதை மறைவிடத்தருகே வைத்துவிட்டு விலகி, காலையில் மிச்சமிருந்தால் எறிந்துவிட்டு, ஐந்தாறு நாள் கழித்தே மறுபடி முயல வேண்டும். உயிருள்ள வளர்ந்த எலியைப் பாம்போடு விட்டுவைக்கவே கூடாது. எலி கடித்துக் குதறிய பாம்புகளுக்குத் தையல் போட்டிருக்கிறேன்.

எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலும், வாய் திறந்து மூச்சுவிட்டாலும், வாயில் நுரையோ சீழோ தெரிந்தாலும், செதிலிடுக்கில் உண்ணி ஊர்ந்தாலும் காத்திராமல் கொண்டுவாருங்கள். வலிந்து ஊட்டுவது கடைசி வழி. அதை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்துக்குப் பின், பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு உயிரினங்களை வளர்ப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கிடைத்ததென்று நம் மலைப்பாம்புக் குட்டியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

அந்தக் குட்டி முதல் தடவை மறுத்தது. இரண்டாவது தடவை, இரவு பத்து மணிக்கு மேல், மறைவிடத்திலிருந்து தலையை மட்டும் நீட்டி, நெடுநேரம் நாக்கை நீட்டி மோப்பம் பிடித்துவிட்டுக் கவ்வியதாக மாணவர் போனில் சொன்னார். இரண்டு நாளைக்குத் தொடாதீர்கள் என்றேன்.