மரத்தின் தூரை மண் போட்டு மூடாதீர்கள்

பூங்கா வடிவமைக்க என்னைக் கூப்பிடும் குடியிருப்போர் சங்கங்கள் பலவற்றில் முதல் கோரிக்கை இதுதான்: "அந்தப் பெரிய மரத்தைச் சுத்தி ஒரு மேடை கட்டிடுங்க மேடம், வயசானவங்க உக்காரட்டும்." ஆசை நியாயமானது. ஆனால் மேடை கட்டியதும் உள்ளே மண்ணைக் கொட்டி நிரப்புகிறார்களே, அங்கேதான் மரத்துக்குக் கேடு தொடங்குகிறது.

ஒரு பூங்காவில் என் வரைபடத்தில் இல்லாத மேடை ஒன்று புங்கமரத்தைச் சுற்றி வந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டிய வட்டச் சுவர், உள்ளே ஒன்றரை அடிக்குச் செம்மண், அதன்மேல் கொரியன் புல், தினமும் தண்ணீர். இரண்டு வருடம் கழித்துப் போனபோது உச்சிக்கிளைகள் மொட்டையாக நின்றன. "மரத்துக்கு வயசாயிடுச்சு" என்றார் தோட்டக்காரர். இருவருமாகக் கையால் மண்ணை விலக்கினோம். உள்ளே பட்டை ஊறிப்போய், விரல் பட்டதும் பிய்ந்து வந்தது. புளித்த வாடை வேறு. மண் படாத மேல்பகுதியில் அதே பட்டை காய்ந்து கெட்டியாக இருந்தது.

தூர்ப்பட்டைக்குக் காற்று வேண்டும். வேருக்கும் வேண்டும். ஆணிவேர் ஆழத்தில் போய் நீர் குடிக்கும் என்று பள்ளியில் படித்ததையே நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், 2 அடிக்குள்ளேயே கிடக்கிறது. மரத்தின் நிழலையும் தாண்டிப் பரவுகிறது. அதன்மேல் ஜல்லி பரப்பி, ரோலர் ஓட்டி, பேவர் பிளாக் பதித்தால் மழையும் இறங்காது, காற்றும் இறங்காது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லி மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. ஒரு பெரிய மரத்துக்கு அதுவே போதாது என்பேன்.

"ஊர் அரசமரத்தடி மேடை தாத்தா காலத்திலிருந்து இருக்கிறதே?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆலும் அரசும் வேறு ஜாதி. கோயில் மதில் இடுக்கிலேயே வேர் விட்டுப் பிழைப்பவை. தவிர, அப்படிப் பல இடங்களில் மேடையைக் கட்டி அதிலேயே கன்றை நட்டிருப்பார்கள். வளர்ந்த புங்கையையும் வேம்பையும் திடீரென்று மூடுவது அப்படியல்ல.

உட்கார இடம் வேண்டுமா? தூரை விட்டு நாலைந்து அடி தள்ளி, நாலு கால் ஊன்றிய பெஞ்சு போடுங்கள். கால் குழியை ஜேசிபியால் தோண்டாமல் கடப்பாரையால் தோண்டச் சொல்லுங்கள். கட்டைவிரல் தடிமன் வேர் வந்தால் குழியைக் கொஞ்சம் நகர்த்திவிடலாம். வேலை முடியும்வரை நிழலுக்குள் எம்-சாண்ட், சிமெண்ட் மூட்டை எதுவும் இறக்கக் கூடாது, கலவைச் சட்டி கழுவிய தண்ணீரையும் ஊற்றக் கூடாது. இதையெல்லாம் எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் காண்ட்ராக்டரிடம் நிற்காது.

அந்தப் புங்கையின் மேடையை அப்புறம் உடைத்து, மண்ணை அள்ளினோம். பட்டுப்போன உச்சியை வெட்ட வேண்டியிருந்தது. அடுத்த மழைக்குக் கீழ்க்கிளைகளில் தளிர் வந்தது. ஒரு பக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.