உருண்டு வருவது அழுக்கு இல்லை

முகத்தின் இறந்த செல்களை உரித்தெடுக்கும் என்று விற்கும் பீலிங் ஜெல்லைத் தேய்த்ததும் வெள்ளை வெள்ளையாக உருண்டு வந்ததைப் போட்டோ எடுத்துவந்து காட்டுகிறவர்கள் என் கிளினிக்கில் கூடிவிட்டார்கள். "டாக்டர், எவ்வளவு டெட் செல் பாருங்க" என்பார்கள். அதே ஜெல்லைக் கழுவித் துடைத்த கண்ணாடித் தட்டில் தேய்த்துப் பாருங்கள் என்பேன். தட்டிலும் உருண்டு வரும். தட்டுக்கு ஏது டெட் செல்?

உருளுவதில் பெரும்பங்கு கார்போமர். அக்ரிலிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்து, சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துச் செய்யும் செயற்கைப் பாலிமர். தண்ணீரில் போட்டால் முதலில் அமிலத்தன்மையோடு நீர்த்தே கிடக்கும். கொஞ்சம் காரம் சேர்த்ததும் (லேபிளில் டிரைஎத்தனோலமைன் என்று பார்த்திருப்பீர்கள்) சங்கிலிகள் எதிர்மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று தள்ளி விரிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். 100 கிராம் ஜெல்லுக்கு அரை கிராம் தூளே பெரும்பாலும் போதும். பீலிங் ஜெல்லில் இதோடு, ஹேர் கண்டிஷனரில் போடும் வகையான நேர்மின்னூட்டப் பொருளும் இருக்கும். தேய்க்கத் தேய்க்க இரண்டும் ஒட்டித் திரளும். தோலின் செல்களும் கொஞ்சம் சேர்ந்து வரலாம்தான். ஆனால் திரளுவதெல்லாம் அழுக்கு என்று நம்பி, வரவர அழுத்தித் தேய்த்து, முகம் சிவந்து எரிய வருகிறார்களே, அங்கேதான் எனக்கு வேலை.

இன்னொரு கூட்டம் சன்ஸ்கிரீனைக் குறை சொல்லும். காலையில் பருவுக்கு கிளிண்டமைசின் ஜெல், உடனே அதன்மேல் சன்ஸ்கிரீன். தேய்த்தால் துகள் துகளாக உதிர்கிறது. அந்த ஜெல்களிலும் கார்போமர் சகஜம். உதிரும்போது சன்ஸ்கிரீனும் சேர்ந்து போய்விடுவதால் பாதுகாப்பு அங்கங்கே ஓட்டை. ஜெல்லை மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, சன்ஸ்கிரீனைத் தேய்க்காமல் ஒற்றிப் பூசினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம் கற்றாழை ஜெல். இலையின் சோறு 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். வழித்து அரைத்தால் சீக்கிரமே நீர்த்துப்போகும். கடை டப்பாவில் அது கட்டியாக நிற்பது கெட்டிப்படுத்தியின் உபயம்; பல டப்பாக்களில் அதுவும் கார்போமர்தான். உப்புத் தூவினால் தண்ணீராகிறது, எனவே போலி என்று வீடியோ போடுகிறார்கள். உப்பு அந்த மின்னூட்டங்களை அடக்கிவிடுவதால் கார்போமர் சுருங்குகிறது, அவ்வளவுதான். உள்ளே கற்றாழை எவ்வளவு என்பதைக் கெட்டியும் சொல்லாது, உப்பும் சொல்லாது.

கார்போமர் ஆபத்தா? மூலக்கூறு மிகப் பெரியது, தோலுக்குள் இறங்காது. உலர்ந்த கண்ணுக்குப் போடும் சில ஜெல்களிலேயே இது உண்டு. விசாரிக்க வேண்டியது தயாரிப்பு முறையை. பழைய ரகங்கள் சிலவற்றுக்குக் கரைப்பான் பென்சீன். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அப்படிச் செய்த கார்போமரை மருந்துகளில் மாற்றச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அழகுசாதன லேபிளில் எந்த ரகமானாலும் கார்போமர் என்றுதான் இருக்கும். கரைப்பான் எது என்று தெரிய, தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும்.