ரேடியோவுக்குத் தனி எர்த் வேண்டாம்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக மற்றவர்களோடு பேசும் ரேடியோ நிலையம்) வைத்திருக்கும் வீடுகளுக்கு வயரிங் பார்க்கப் போனால், ஜன்னல் வழியாக ஒரு செம்புக் கம்பி இறங்கி, மண்ணில் தனியாக அடித்த எர்த் ராடில் போய் முடிவதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த ராடுக்கும் வீட்டின் மெயின் எர்த்துக்கும் இணைப்பே இருக்காது. "வீட்டு எர்த்தில் இரைச்சல் வருது, அதான் தனியா போட்டேன்" என்பார்கள். சிலர் பவர் சப்ளை பிளக்கின் மூன்றாவது பின்னையும், அதாவது எர்த் பின்னையும், கழற்றியிருப்பார்கள். உயிருக்கு ஆபத்தான வேலை இது.

கணக்கு எளிது. அந்த ராடின் எர்த் ரெசிஸ்டன்ஸ் 25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் லைன் பவர் சப்ளையின் உலோகப் பெட்டியில் பட்டால், மண் வழியாக ஓடுவது சுமார் 9 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு ட்ரிப் ஆகாது. பெட்டியில் மின்சாரம் அப்படியே நிற்கும், யாராவது தொடும்வரை.

சரி, மூன்றாவது பின் இருக்கிறது என்றால்? அப்போது மின்னல் பிரச்சினை. பக்கத்தில் மின்னல் விழுந்தால் இரண்டு எர்த்துகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். இரண்டையும் இணைக்கும் ஒரே பாதை உங்கள் ரேடியோ. ஆன்டெனா சாக்கெட்டிலிருந்து பவர் சாக்கெட் வரை போர்டில் கருகிய கோடு இருந்தால், மின்னல் எந்த வழியாகப் போனது என்று கேட்கவே வேண்டாம்.

அதனால் எத்தனை ராடு அடித்தாலும், எல்லாவற்றையும் தடித்த செம்புக் கம்பியால் வீட்டுக்கு வெளியிலேயே மெயின் எர்த்தோடு இணைத்துவிடுங்கள். ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிள்கள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரே உலோகத் தகடு, அதில் மின்னல் அதிர்வை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர்கள், அங்கிருந்து எர்த்துக்கு அகலமான செம்புப் பட்டை. ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு. மின்னலின் வேகத்தில் அதுவே மீட்டருக்கு 10,000 வோல்ட்டைக் கொண்டுவந்துவிடும். அதனால் மிச்சக் கம்பியைச் சுருட்டி வைக்காதீர்கள். இணைப்புகளில் ஈயப்பற்று கூடாது, உருகிவிடும், கிளாம்ப் போடுங்கள்.

அப்புறம் அந்த இரைச்சல். அதற்கு மருந்து எர்த்தில் இல்லை. 28 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளமே சுமார் இரண்டரை மீட்டர்தான். மாடியிலிருந்து இறங்கும் எர்த் கம்பி அதைவிட நீளம், அதுவே ஒரு ஆன்டெனா. பேசும்போது மைக்கில் உதடு பட்டால் சுடுகிறதா? ரேடியோ அலை கேபிளின் வெளிப்புறம் வழியாகத் திரும்பி வருகிறது. அதைத் தடுக்கும் ஃபெரைட் சோக்கை கோஆக்ஸில் போட்டுப் பாருங்கள்.