அணைந்த விளக்கும் அணையாத ஹீட்டரும்

முருங்கை இலை உலர்த்தும் பெட்டி ஒன்று சென்ற மாதம் பழுது என்று என் மேசைக்கு வந்தது. 2000 வாட் ஹீட்டர், 52 டிகிரியில் நிற்க வேண்டும். ஓடவிட்டுப் பார்த்தேன். திரையில் 96. கட்டுப்பாட்டுப் பலகையின் அவுட்புட் விளக்கு அணைந்திருக்கிறது. கிளாம்ப் மீட்டரோ 8.7 ஆம்பியர் காட்டுகிறது. பலகை நிறுத்தச் சொல்லிவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

பிளக்கைப் பிடுங்கி, பலகை சொல்வதைக் கேட்டு ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் மின்னணுச் சுவிட்சான எஸ்எஸ்ஆரின் அவுட்புட் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். 'பீப்'. உள்ளே ஷார்ட். ட்ரையாக்கோ (ஏசி மின்சாரத்தைத் திறந்து மூடும் குறைகடத்திச் சுவிட்ச்) எஸ்எஸ்ஆரோ, பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். ரிலேயும் யோக்கியமில்லை; காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் அதே கதை.

மேலே 25 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. அது சூட்டை இழுத்து வெளியேற்றும் தக்க உலோக ஹீட்சிங்க் இருந்தால் மட்டுமே செல்லும் கணக்கு. மின்சாரம் பாயும்போது எஸ்எஸ்ஆரின் குறுக்கே ஏறத்தாழ 1.3 வோல்ட் விழும்; 8.7 ஆம்பியரால் பெருக்கினால் 11 வாட் சூடு. இதைப் பிளைவுட்டில் திருகி வைத்திருந்தார்கள்!

நீங்களே ட்ரையாக்கை வைத்துக் கட்டுகிறீர்கள் என்றால், 230 வோல்ட்டின் உச்சம் 325 என்பது நினைவிருக்கட்டும். ட்ரையாக்கைத் தூண்டும் ஆப்டோகப்ளர் சிப்களில், 400 வோல்ட் தாங்கும் எம்ஓசி3041-ஐவிட 600 வோல்ட் தாங்கும் எம்ஓசி3063 மேல். இரண்டும் ஏசி அலை பூஜ்ஜிய வோல்ட்டைக் கடக்கும்போதுதான் திறக்கும். ஹீட்டருக்கு அது போதும்; இரண்டு வினாடிக்குள் வரும் 200 அரை அலைகளில் எத்தனையை விடுவது என்று எண்ணினால் சூடு கட்டுக்குள் நிற்கும். விளக்கை மங்கச் செய்வதுபோல் அலையை நடுவில் வெட்டினால் பக்கத்து ரேடியோ இரைவதுதான் மிச்சம்.

சென்சார் கம்பி அறுந்தால் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். கழன்று வெளியே தொங்கினால்தான் ஆபத்து. அது அறையின் 32 டிகிரியைப் படித்துக்கொண்டிருக்கும், பலகை ஹீட்டரை முழுவேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் முழுச்சக்தி கொடுத்தும் வெப்பம் ஏறவில்லையென்றால் நிறுத்திவிடு என்று நிரலில் எழுதுங்கள்.

ஆனால் ஷார்ட்டான எஸ்எஸ்ஆரை எந்த நிரலும் நிறுத்தாது. ஹீட்டருக்குத் தொடராக, பலகைக்குச் சம்பந்தமே இல்லாத 85 டிகிரி பைமெட்டல் கட்-அவுட் (சூட்டில் வளையும் உலோகத் தகட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும், அதற்கும் மேலான சூட்டில் ஒரேயடியாக அறுந்துபோகும் ஒரு தெர்மல் ஃபியூஸும் போட்டேன். தெர்மல் ஃபியூஸில் சால்டர் வைக்காதீர்கள், அந்தச் சூட்டிலேயே அறுந்துவிடும், கம்பியை நசுக்கி இணைக்கும் கிரிம்ப் செய்யுங்கள். பிறகு எஸ்எஸ்ஆரை வேண்டுமென்றே கம்பியால் ஷார்ட் செய்து ஓட்டினேன். 'டக்' என்று கட்-அவுட் விழுந்தது.

கட்-அவுட்டின் ரீசெட் பொத்தானைக் கைக்கு எட்டும்படி முன்பக்கம் வைக்கச் சொன்னார் உரிமையாளர். நான் பின்பக்கம், மூடியைக் கழற்றினால்தான் தொட முடிகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.